பூட்டிய கதவும் புதுப்பித்த கணினியும்

பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர்

இன்றைய உலகம் கணினி உலகம் என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். ஆனால் அந்தக் கணினியை நாள்தோறும் பேணுபவர் யார் என்று நாம் கேட்பதில்லை. சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்களை அவ்வாறு கேட்க வைத்தவர், நூலகப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரி ஆவார்.

நூலகத்தின் மூலையில் பழைய கணினி ஒன்று உண்டு. அதன் வயதை முன்னிட்டு நாங்கள் அதற்குப் ‘பாட்டி’ என்று பெயரிட்டிருக்கிறோம். டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் அதில் இருக்கிறது. எந்த மாணவி எந்தப் புத்தகம் எடுத்தாள் என்ற கணக்கோடு, ஒவ்வொருத்தியின் பெயர், வகுப்பு, வீட்டு முகவரி, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவையும் அதில்தான் உள்ளன. ‘திருத்தங்கள் காத்திருக்கின்றன’ என்ற அறிவிப்பு அதன் திரையில் நெடுநாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. நாங்களும் ஒவ்வொரு முறையும் ‘பிறகு’ என்பதை அழுத்திவிட்டு எங்கள் வேலையைப் பார்த்தோம். ஒரு நாள் சிஸ்டர் அதைக் கவனித்துவிட்டார்.

“இது எவ்வளவு நாளாக இப்படிச் சொல்கிறது, பிள்ளைகளே?”

“எட்டு மாதம் இருக்கும், சிஸ்டர்.”

“நம் பிள்ளைகளுடைய வீட்டு விலாசமெல்லாம் இதில் இருக்கிறது. மாலையில் நூலகத்தைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துப் போகிறேன். இந்தக் கணினியின் சாவி யாரிடம் இருக்கிறது?”

எங்களால் விடை கூற இயலவில்லை. பதினோராம் வகுப்பினர் செய்வார்கள் என்று நாங்கள் இருந்தோம். நாங்கள் செய்வோம் என்று அவர்கள் இருந்தார்கள். எல்லாருடைய வேலையும் யாருடைய வேலையும் அல்லாமல் போயிற்று. சிஸ்டரின் கேள்விக்கு விடை தேடி ஆசிரியையிடம் கேட்டும், நூல்களைப் படித்தும், பாட்டியிடமே செய்து பார்த்தும் நாங்கள் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

அரிசியும் மாவும்

மென்பொருளை மனிதர்கள் ‘சி’ போன்ற நிரல்மொழிகளில் எழுதுகிறார்கள். அதைப் படித்தால் மொழி அறிந்த மனிதருக்குப் பொருள் விளங்கும். இதற்கு மூலநிரல் என்று பெயர். ஆனால் கணினியின் செயலிக்கோ பூச்சியமும் ஒன்றுமாக அமைந்த கட்டளைகளே விளங்கும். ஆகவே மூலநிரலை அந்த வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிக் கிடைப்பதை இருமம் என்கிறோம்.

இதை வீட்டு வழக்கத்தில் சொன்னால், மூலநிரல் அரிசியும் உளுந்தும் போன்றது; இருமம் அரைத்த மாவு போன்றது. அரிசியை வாங்கி நாமே ஊறவைத்து அரைத்தால், என்ன போட்டோம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் நேரமும் வேண்டும், கிரைண்டரும் வேண்டும். பாட்டியைப் போன்ற பழைய கணினியில் ஓர் இணைய உலாவியை மூலநிரலிலிருந்து ‘அரைத்து’ எடுப்பதென்றால் பல மணி நேரம் ஆகும். ஜென்டூ என்னும் லினக்ஸைப் பயன்படுத்துவோர் விரும்பியே அவ்வாறு அரைப்பவர்கள். மற்றவர்களோ அரைத்த மாவை உறையில் இட்டுக் கொடுக்கும் இடத்திலிருந்து பெற்றுக்கொள்கிறார்கள். அந்த உறைக்குத்தான் இருமப் பொதி என்று பெயர்.

கடை மாவை வாங்கும்போது நம் தாய்மார் மூன்று கேள்வி கேட்பார்கள் அல்லவா? அரைத்தவர் யார்? அரைத்தது எப்போது? வழியில் யாரேனும் உறையைப் பிரித்தார்களா? பொதிகளைக் குறித்தும் இம்மூன்றையே நாம் கேட்க வேண்டும்.

ஒலிநாடாவைப் போன்ற சுருளிலிருந்து இணையம் வரை

யூனிக்ஸ் இயங்குதளம் 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. 1970-களில் அது காந்த நாடாச் சுருள்களில் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. மூலநிரலும் அதனோடு சென்றதால், ஆங்காங்கே மாணவர்களும் பேராசிரியர்களும் அதைப் படித்தார்கள், திருத்தினார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1978-இல் தன் மேம்பாடுகளைத் தொகுத்து ‘பிஎஸ்டி’ என்ற பெயரில் நாடாவில் வெளியிட்டது. இன்றைய ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி முதலியவை அதன் வழிவந்தவை. பின்னர் 1991-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸைப் போலவே நடக்கும் லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார்.

அக்காலத்தில் ஒரு மென்பொருள் வேண்டுமானால் மூலநிரலைக் கொணர்ந்து அவரவரே மாற்றிக்கொள்வது வழக்கம். அவ்வாறு நிறுவியதன் கோப்புகள் கணினியில் எங்கெங்கே போய் அமர்ந்தன என்பதற்குக் கணக்கு இராது. புதிய பதிப்பு வந்தால் பழையதன் மிச்சங்கள் ஆங்காங்கே கிடக்கும். ஒரு வீட்டில் எத்தனை சாவிகள் செய்தோம், யார் யாரிடம் கொடுத்தோம் என்று தெரியாத நிலைமைக்கு இது ஒப்பாகும்.

இந்த நிலையை மாற்ற முயன்றவர்களில் ஒருவர் இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர். 1993 ஆகஸ்ட் 16 அன்று டெபியன் திட்டத்தை அவர் அறிவித்தபோது அவருக்கு வயது 20. டெப்ரா என்ற தம் தோழியின் பெயரையும் இயன் என்ற தம் பெயரையும் இணைத்து அப்பெயரை அமைத்தார். ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு பொதியாகக் கட்ட வேண்டும்; ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1-இல் ‘ஆப்ட்’ என்னும் கருவி இடம்பெற்றது. தேவையான பொதிகளை வலைவழியே தானே தேடிக் கொணர்ந்து ஒழுங்காக நிறுவுவது அதன் பணி. ரெட் ஹாட் வழியினர் ‘ஆர்பிஎம்’ என்னும் பொதி முறையைக் கையாண்டனர். ஃப்ரீபிஎஸ்டி 2014-இல் தன் 10-ஆம் பதிப்பில் ‘பிகேஜி’ என்னும் புதிய கருவியை ஏற்றது. பெயர்கள் வேறாயினும் நோக்கம் ஒன்றே.

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13-இல் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. இவற்றைக் கட்டுவோரில் பெரும்பாலோர் தன்னார்வத் தொண்டர்கள் என்பது வியப்பிற்குரியது அன்றோ?

பொதிக்குள் இருப்பது என்ன?

டெபியன் பொதி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு முக்கியமான பகுதிகளைக் காணலாம். ஒன்று, கணினியில் போய் அமர வேண்டிய கோப்புகள். மற்றொன்று, பொதியைப் பற்றிய குறிப்பேடு. பொதியின் பெயர், பதிப்பு எண், பொறுப்பாளர், அது இயங்குவதற்கு வேறு எந்தெந்தப் பொதிகள் வேண்டும் என்பவை அக்குறிப்பேட்டில் இருக்கும்.

இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்குச் சார்பு என்று பெயர். பள்ளிச் சீருடைக்குத் தாவணி வாங்கினால், அதற்கேற்ற பாவாடையும் ரவிக்கையும் இல்லாமல் பயனில்லை. அவ்வாறே ஒரு மென்பொருள் தனித்து இயங்குவதில்லை. கடவுச்சொற்களை மறைத்து அனுப்புவது, படங்களைத் திறப்பது, கோப்புகளைச் சுருக்குவது போன்ற பொதுவான வேலைகளுக்குப் பல மென்பொருள்கள் ஒரே நிரலகத்தைப் பகிர்ந்து பயன்படுத்துகின்றன.

இதில் ஒரு பெரும் நன்மை உண்டு. அந்தப் பொது நிரலகத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அந்த ஒரு பொதியைத் திருத்தினால் போதும். அதை நம்பியுள்ள அத்தனை மென்பொருள்களுக்கும் திருத்தம் சென்றடையும். ஊருக்குப் பொதுவான குடிநீர்த் தொட்டியைத் தூய்மை செய்தால் வீடுதோறும் நல்ல நீர் வருவதைப் போன்றது இது. தொட்டி கெட்டால் அத்தனை வீடுகளும் கெடும் என்பதும் மறுக்க முடியாத உண்மை. ஆகவேதான் தொட்டிக்குக் காவல் வேண்டியிருக்கிறது.

இரண்டு கட்டளைகள்

பாட்டியைப் புதுப்பிக்க எங்கள் ஆசிரியை கற்றுத்தந்த கட்டளைகள் இரண்டே. முதலாவது ‘ஆப்ட் அப்டேட்’. இரண்டாவது ‘ஆப்ட் அப்கிரேட்’. பெயர் ஒத்திருப்பதால் எங்களில் பலர் இரண்டும் ஒன்றே என்று எண்ணியிருந்தோம். அது பிழை.

முதற் கட்டளை எந்த மென்பொருளையும் மாற்றுவதில்லை. களஞ்சியத்தில் இன்று எந்தெந்தப் பொதி எந்தப் பதிப்பில் உள்ளது என்ற பட்டியலை மட்டுமே கொண்டுவருகிறது. கடையில் விலைப்பட்டியல் வாங்கி வருவதைப் போன்றது அது. இரண்டாம் கட்டளையே அப்பட்டியலை நம்மிடம் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, பழையவற்றுக்கு ஈடாகப் புதியவற்றைக் கொணர்ந்து நிறுவுகிறது. பட்டியல் வாங்காமல் இரண்டாவதை மட்டும் இட்டால், எட்டு மாதத்துக்கு முந்தைய பட்டியலைப் பார்த்து ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று கணினி சொல்லிவிடும்! எங்களில் ஒருத்தி அப்படிச் செய்து, “வேலை முடிந்தது, மிஸ்” என்று பெருமையுடன் எழுந்தாள். பட்டியலைப் புதிதாக வாங்கிப் பார்த்தபோது, இருநூற்றுக்கும் மேற்பட்ட பொதிகள் திருத்தத்துக்குக் காத்திருந்தன.

ஃப்ரீபிஎஸ்டியில் ‘பிகேஜி அப்கிரேட்’ இவ்வேலையைச் செய்கிறது. ‘பிகேஜி ஆடிட்’ என்ற மற்றொரு கட்டளையும் அங்கு உண்டு. அறியப்பட்ட ஓட்டைகளின் பட்டியலோடு நம் கணினியில் உள்ள பொதிகளை ஒப்பிட்டு, எவை ஆபத்தானவை என்று அது சொல்லும். ஓப்பன்பிஎஸ்டியில் அடித்தளத்தின் இருமத் திருத்தங்களைப் பெற ‘சிஸ்பேட்ச்’ என்ற கருவி 2017-இல் வந்தது.

உறையின் முத்திரை

இனி, வழியில் உறை பிரிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு வருவோம். டெபியன் பொதிகள் உலகெங்கும் பல நகற்களஞ்சியங்களில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்றில் தீயவர் புகுந்து ஒரு பொதியை மாற்றி வைத்துவிட்டால் என்ன செய்வது?

ஒவ்வொரு கோப்புக்கும் கணித முறையில் ஒரு கைரேகை எடுக்கலாம். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். களஞ்சியத்தின் பட்டியலில் ஒவ்வொரு பொதியின் கைரேகையும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலின் கைரேகை மற்றொரு தலைமைக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அத்தலைமைக் கோப்பில் டெபியன் திட்டம் தன் இரகசியச் சாவியால் கையொப்பம் இடுகிறது. அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி நம் கணினியில் முன்னரே இருக்கிறது. ஆகவே பொதியைக் கொண்டுவரும் வழி எதுவாயினும், கையொப்பத்திலிருந்து பட்டியலுக்கும் பட்டியலிலிருந்து பொதிக்கும் சங்கிலிபோல் சரிபார்த்த பின்னரே ஆப்ட் அதை நிறுவும். இம்முறை 2007-இல் வந்த டெபியன் 4.0 முதல் இயல்பாகவே அமைந்துள்ளது.

‘கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை’ என்று கணினி எச்சரித்தால், எரிச்சலுற்று எச்சரிக்கையை அணைத்துவிடுவோர் உண்டு. முத்திரை உடைந்த மருந்துப் புட்டியை வாங்கிக் குடிப்பதற்கு அது சமமாகும்.

2014 ஏப்ரல் 7

‘பிறகு’ என்பதன் விலை என்ன என்று அறிய ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். இணையத்தில் கடவுச்சொற்களை மறைத்து அனுப்ப உதவும் ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ என்னும் நிரலகத்தில், 2012 மார்ச்சில் வெளிவந்த பதிப்பிலிருந்து ஒரு பிழை இருந்து வந்தது. கூகுள் நிறுவனத்தின் நீல் மேத்தாவும், ஃபின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தனர். 2014 ஏப்ரல் 7 அன்று உலகுக்கு அது அறிவிக்கப்பட்டது. ‘ஹார்ட்பிளீட்’ என்று அதற்குப் பெயர் வந்தது.

பிழை எளிமையானதுதான். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க, ஒரு கணினி மற்றொன்றுக்கு ஒரு சொல்லை அனுப்பி, ‘இதைத் திருப்பிச் சொல், இதன் நீளம் இவ்வளவு’ என்று கேட்கும். ‘பூ’ என்று ஓரெழுத்தை அனுப்பி, ‘நீளம் அறுபதாயிரம்’ என்று பொய் சொன்னால், மறுபக்கம் அதை நம்பி, தன் நினைவகத்தில் ‘பூ’வுக்கு அடுத்து இருந்ததையெல்லாம் சேர்த்து அனுப்பிவிடும். ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை இவ்வாறு வெளியேறும். அதில் கடவுச்சொல் இருக்கலாம். இரகசியச் சாவியே இருக்கலாம்.

டெபியன் அன்றைய தினமே திருத்திய பொதியை வெளியிட்டது. உடனே நிறுவியவர்கள் கதவை அடைத்தார்கள். ஆனால் கனடாவின் வரித்துறையில், திருத்தம் நிறைவேறும் முன், ஆறு மணி நேர இடைவெளியில் ஏறத்தாழ 900 பேருடைய சமூகக் காப்பீட்டு எண்கள் களவு போயின என்று அத்துறையே அறிவித்தது. 900 என்பது வெறும் எண்ணிக்கை அன்று. நம் பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையாக நிற்போரை நினைத்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

இந்நிகழ்ச்சி வேறு இரண்டு பாடங்களையும் தருகிறது. ஓப்பன் எஸ்எஸ்எல் குழுவினர் பிழையை நீக்கி வெளியிட்ட பதிப்பு ‘1.0.1ஜி’. டெபியன் வெளியிட்டதோ ‘1.0.1இ’ என்ற பழைய எண்ணோடு, வாலில் ‘டெப்7யு5’ என்ற குறியைச் சேர்த்த பதிப்பு. எண்ணின் தலையை மட்டும் பார்த்தவர்கள், ‘ஐயோ, இது பழையதாயிற்றே!’ என்று அஞ்சினார்கள். உண்மையில் டெபியனின் நிலையான பதிப்பில், மென்பொருளை முழுவதும் மாற்றாமல், ஓட்டையை மட்டும் அடைத்துத் தருவதே வழக்கம். கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டுத் தைப்பதால், நமக்குப் பழகிய சட்டை பழகியபடியே இருக்கும். பதிப்பு எண்ணின் வாலையும் படிக்க வேண்டும் என்பது முதற் பாடம்.

இரண்டாவது இதனினும் முக்கியமானது. புதிய பொதி வட்டில் வந்து அமர்ந்துவிட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் பழைய நிரலகத்தையே நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடும். அதை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் திருத்தம் பயன் தரும். இயங்குதளத்தின் கரு மாறினால் கணினியையே நிறுத்தித் தொடங்க வேண்டும். எவற்றை மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்ல டெபியனில் ‘நீட்ரீஸ்டார்ட்’ என்னும் கருவி உள்ளது. புதிய பூட்டை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டால் கதவு பூட்டிக்கொள்ளுமா? மாட்ட வேண்டும் அல்லவா?

பிழையும் சூதும்

அரைத்தவர் யார் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. பொதி கட்டுவோரும் மனிதர்களே, அவர்களும் தவறுவதுண்டு. 2006-இல் டெபியனின் ஓப்பன் எஸ்எஸ்எல் பொதியைப் பேணியவர், சோதனைக் கருவி ஒன்றின் எச்சரிக்கையை நீக்குவதற்காக மூலநிரலின் இரண்டு வரிகளை எடுத்துவிட்டார். அதன் விளைவாக, எவரும் ஊகிக்க முடியாதபடி அமைய வேண்டிய இரகசியச் சாவிகள், 32,768 வகைக்குள் அடங்கும் ஒரு சிறிய எண்ணை மட்டும் நம்பி உருவாகத் தொடங்கின. அத்தனையையும் ஒரு கணினி விரைவில் முயன்று பார்த்துவிடும். 2008 மே 13 அன்று டெபியன் இதைத் தானே உலகறியச் சொல்லித் திருத்தப் பொதியையும் தந்தது. ஆனால் பொதியை நிறுவியது மட்டும் போதவில்லை. இடைப்பட்ட காலத்தில் உருவாக்கிய சாவிகளையெல்லாம் எறிந்துவிட்டுப் புதியன செய்ய வேண்டியிருந்தது. புதுப்பித்தல் கதவை அடைக்கும்; முன்னரே வெளியே போனதை அது மீட்டுத் தராது.

பிழையினும் கொடியது சூது. ‘எக்ஸ்இசட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் எளிய மென்பொருள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர், இரண்டாண்டுக்கும் மேலாக அதற்கு நற்பணி செய்து நம்பிக்கையைப் பெற்று, 2024-இன் தொடக்கத்தில் வெளிவந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவை மறைத்து வைத்தார். டெபியன் முறையிலோ ஆர்பிஎம் முறையிலோ பொதி கட்டப்படும்போது மட்டும் அது உள்ளே புகும்படி அமைத்திருந்தது, சூழ்ச்சியின் ஆழத்தைக் காட்டும். முத்திரை சரியாகவே இருக்கும். ஆனால் அரிசியிலேயே நஞ்சு!

இதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர். வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, தம் டெபியன் கணினியில் உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தேடிச் சென்றார். 2024 மார்ச் 29, புனித வெள்ளியன்று அவர் அதை உலகுக்கு அறிவித்தார். கள்ளக் கதவு டெபியனின் சோதனைப் பிரிவுகளுக்குள் வந்துவிட்டிருந்தது. ஆனால் மக்கள் பெரிதும் பயன்படுத்தும் நிலையான பதிப்பை அடையவில்லை. புதிய பதிப்புகளை நெடுநாள் சோதித்த பின்னரே ஏற்கும் பழக்கம் அங்கே காத்தது.

ஆகவே, புதியது எதுவாயினும் ஓடிப்போய் எடுப்பதும் நன்றன்று. திருத்தம் வந்தும் எடுக்காமல் இருப்பதும் நன்றன்று. பாதுகாப்புத் திருத்தத்தை உடனே ஏற்க வேண்டும். புதுமைக்காக வரும் பதிப்பைப் பொறுத்து ஏற்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே கணினியைப் பேணுவோர்க்கு வேண்டிய அறிவாகும். அரைத்தவரை நம்புவதோடு நில்லாமல் சரிபார்க்கவும் இன்று முயல்கிறார்கள். ஒரே மூலநிரலை வெவ்வேறு இடங்களில் தனித்தனியே மாற்றி, கிடைக்கும் இருமங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கும் முயற்சி டெபியனில் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, நம் பதிப்புக்கு இன்னும் திருத்தம் வருகிறதா என்று அறிய வேண்டும். எந்தப் பதிப்புக்கும் ஆயுள் உண்டு. டெபியனின் நிலையான பதிப்புக்கு மூன்று ஆண்டு முழுப் பராமரிப்பும், அதன்பின் இரண்டு ஆண்டு நீட்டிப்பும் உண்டு. 2019 ஜூலையில் வந்த 10-ஆம் பதிப்புக்கு அந்த நீட்டிப்பு 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. ஆயுள் முடிந்த பதிப்பில் எத்தனை முறை கட்டளை இட்டாலும், ‘திருத்தம் எதுவும் இல்லை’ என்றே விடை வரும். அதைக் கண்டு மகிழ்வது பேதைமை.

இரண்டாவது, ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குப் போகுமுன், முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும்; வெளியீட்டுக் குறிப்புகளையும் படிக்க வேண்டும்.

மூன்றாவது, பாதி வழியில் நிறுத்தக்கூடாது. நாங்கள் பாட்டியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோதே மின்சாரம் நின்றுவிட்டது! பொதிகள் பாதி நிறுவியும் பாதி நிறுவாமலும் கிடந்தன. எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசிரியை பதறாமல், அரைகுறையாய் நின்றவற்றை முடித்து வைக்கும் கட்டளையை இட்டார். எந்தப் பொதி எந்த நிலையில் நின்றது என்ற கணக்கை ‘டிபிகேஜி’ என்னும் கருவி வைத்திருந்ததால், விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது. கணக்கு வைப்பதன் அருமையை அன்று உணர்ந்தோம். அதன்பின் யுபிஎஸ் இணைத்த பிறகே அவ்வேலையைத் தொடங்குகிறோம்.

நான்காவது, இடையில் கணினி ஏதேனும் கேட்டால் படித்து விடை சொல்ல வேண்டும். நாம் மாற்றி அமைத்த அமைப்புக் கோப்பு ஒன்றுக்குப் புதிய வடிவம் வந்தால், ‘உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதை இடவா?’ என்று டெபியன் கேட்கும். வேறுபாட்டைக் காட்டும்படியும் நாம் கேட்கலாம். படியாமல் பொத்தானை அழுத்துவது, படியாமல் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு நிகராகும்.

ஐந்தாவது, கண்ட இடத்திலிருந்து பொதிகளை வாங்கலாகாது. களஞ்சியத்தில் இல்லாத ஒன்றை அறிமுகமற்ற இடத்திலிருந்து கொணர்ந்தால், அதற்குத் திருத்தம் அனுப்பும் பொறுப்பாளர் யார் என்பதே நமக்குத் தெரியாது.

பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே நிறுவிக்கொள்ளும்படி கணினியை அமைக்கவும் வழி உண்டு. டெபியனில் அதற்கென ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ என்னும் பொதியே இருக்கிறது. ஆயினும், வேலை நடந்ததா என்று பார்க்க ஒரு மனிதக் கண் வேண்டும்.

சாவி யாரிடம்?

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் என்று எண்ணிவிட வேண்டாம். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் அது இடம்பெற்றிருந்தது. நம் அக்காமார் பலர் கணினி கற்றது அவற்றில்தான். அத்தகைய கணினி இன்னும் வீட்டில் பயன்பாட்டில் இருக்குமானால், அதன் இயங்குதளத்துக்குத் திருத்தம் வருகிறதா என்று பெற்றோர் பார்க்கும்படி அன்புடன் வேண்டுகிறோம்.

வள்ளுவர் மறதியைக் கண்டிக்கவென்றே ‘பொச்சாவாமை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். மறதி ஒரு நாளில் வருவதன்று. ‘பிறகு’ என்று ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி நாம் வளர்ப்பது. இப்போது பாட்டியின் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், முறைப்படி ஒரு மாணவி பட்டியலை வாங்கித் திருத்தங்களை நிறுவுகிறாள். நாள், பொதிகளின் எண்ணிக்கை, மறுபடி தொடங்கியது எது, ஐயம் ஏதேனும் உண்டா என்பவற்றை எழுதிக் கையொப்பம் இடுகிறாள். அடுத்த வாரத்துக்குரியவளின் பெயரும் அதிலேயே எழுதப்படுகிறது. கோடை விடுமுறையில் அப்பொறுப்பு ஆசிரியையிடம் ஒப்படைக்கப்படுகிறது.

சிஸ்டரின் கேள்விக்கு இப்போது எங்களால் விடை கூற முடிகிறது. சாவி ஒருவரிடம் இல்லை. முகமறியாத தொண்டர்கள் பலர், பிழையைக் கண்டும், திருத்தம் செய்தும், முத்திரையிட்டும் அதை நம் வாசல் வரை கொண்டுவந்து தருகிறார்கள். அதை வாங்கிக் கதவைப் பூட்டுவது மட்டுமே நம் வேலை. அவர்கள் ஏப்ரல் 7 அன்றே அனுப்பியதை நாம் டிசம்பரில் வாங்கினால், அந்த எட்டு மாதமும் திறந்து கிடந்தது நம் தோழியரின் வீட்டுக் கதவன்றோ?

சென்ற வாரம் சிஸ்டர் அந்த நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பதிவின் கீழே நாளிட்டுத் தம் சுருக்கெழுத்தையும் இட்டுவிட்டு, நூலகத்தைப் பூட்டச் சென்றார்.